கணிப்பொறி கண்ட நரசிம்மன்

மனிதன் எண்ணத் தொடங்கிய நாள்தொட்டு, எண்ணுதற்குத் துணையாகும் கருவிகளையும் நாடி வந்துள்ளான். கைவிரல்கள் அவனுக்கு இயற்கை அளித்த முதற் கருவி. கூழாங்கல்லும் மணிச்சட்டமும் வாய்பாடும் பின்னர் வந்தவை. தேனி மாவட்டத்தில், பெரியகுளத்தை அடுத்துள்ள வடுகபட்டி, பூண்டு வாணிகத்தால் பெயர் பெற்ற ஊராகும். கொடைக்கானல் மலைப்புறத்தில் விளையும் பூண்டு, மூட்டை மூட்டையாக அங்குள்ள சந்தைக்கு வந்து குவியும். எடையும் விலையும் கூலியும் தரகும் கூட்டிக் கழித்து, இறுதித் தொகையை மனக்கணக்காகவே கூறிவிடும் வல்லமை அக்கால வணிகர்க்கு இருந்தது. இக்காலத்தில் சந்தைகளிலும் கடைகளிலும் மின்னணுத் தராசு எடையைக் காட்டுகின்றது. கணிப்பொறி பட்டியல் எழுதுகின்றது. கைப்பேசி பணத்தைக் கொண்டு சேர்க்கின்றது.

இக்கருவிகளைக் கையாள அறிந்தோர் பலர். இவற்றின் உள்ளே நிகழ்வது இன்னது என அறிந்தோர் சிலர். இவற்றைத் தாமே ஆக்க வல்லவரோ மிகச் சிலர். அம்மிகச் சிலருள், நம் நாட்டில் முன்னிறுத்தி எண்ணத்தக்கவர், தமிழகத்தில் பிறந்த இரங்கசாமி நரசிம்மன் ஆவார். இந்தியாவில் கணிப்பொறி என்னும் சொல்லையே கேட்டிராதவர் மிகப் பலராக இருந்த காலத்தில், அதனை இந்நாட்டிலேயே வடிவமைத்து, இந்நாட்டு இளைஞர் கைகளாலேயே ஆக்கி இயக்கிக் காட்டிய குழுவின் தலைவர் அவர்.

நரசிம்மன் 1926-ஆம் ஆண்டு ஏப்பிரல் 17-ஆம் நாள் சென்னையில் பிறந்தார். பள்ளிக் கல்விக்குப் பின்னர், கிண்டிப் பொறியியற் கல்லூரியில் சேர்ந்தார். 1794-ஆம் ஆண்டில் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிப் பின்னர்ப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்த பழம்பெருங் கழகம் அது. பாலமும் அணையும் சாலையும் அமைக்கும் கலையே பொறியியல் எனப் பெரும்பாலோர் எண்ணியிருந்த காலத்தில், நரசிம்மன் தொலைத்தொடர்புப் பொறியியலைக் கற்றார். வானொலிப் பெட்டியிலும் தந்தியிலும் தொலைபேசியிலும் மின்சாரம் எவ்வாறு செய்தியைச் சுமந்து செல்கின்றது என்பதே அப்பாடத்தின் உயிர்நிலை.

அக்கல்வி முடிந்தபின் அவர் அமெரிக்கா சென்றார். கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியலில் முதுநிலைப் பட்டம் பெற்றார். பின்னர் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் ஆராய்ந்து, முனைவர் பட்டமும் பெற்றார். கம்பியையும் கருவியையும் கையாளும் பொறியியல் ஒருபால். கண்ணுக்குப் புலனாகாத எண்ணங்களையே பொருளாகக் கொண்ட கணிதம் மற்றொருபால். இரண்டையும் ஒருவரே கற்றுத் தேர்வது அரிது. கணிப்பொறியை ஆக்குவோர்க்கோ இவ்விரண்டும் ஒருங்கே வேண்டும். நரசிம்மனின் கல்வி, அவர் பின்னாளில் மேற்கொள்ளவிருந்த பெரும்பணிக்கு அடிகோலியது.

அக்காலத்தில் மேலைநாடுகளில் கணிப்பொறிக் கலை குழவிப் பருவத்தில் இருந்தது. 1946-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உலகறியக் காட்டப்பெற்ற எனியாக் என்னும் பொறியில் ஏறத்தாழப் பதினெட்டாயிரம் வால்வுகள் இருந்தன. பெருங்கூடம் ஒன்றை நிறைத்து நின்ற அப்பொறி, மனிதர் பல நாள் வருந்திப் போடும் கணக்கை விரைந்து முடித்தது. அதன்பின் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பல்கலைக்கழகங்கள் சில, தத்தமக்கெனக் கணிப்பொறிகளை அமைக்கலாயின. இந்தியாவில் அந்நாளில் இத்தகைய எண்முறைக் கணிப்பொறி ஒன்றேனும் இல்லை. கல்கத்தாவில் இருந்த இந்தியப் புள்ளியியல் நிலையத்தில், சமரேந்திர குமார் மித்ரா என்னும் அறிஞர் 1953-ஆம் ஆண்டில் ஒப்புமைக் கணிப்பொறி ஒன்றை அமைத்தார். அது சமன்பாடுகளைத் தீர்த்தற்குப் பயன்பட்ட கருவி. அந்நிலையமே 1955-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து எண்முறைக் கணிப்பொறி ஒன்றை விலைக்கு வாங்கி வருவித்தது.

பம்பாய் நகரில் இருந்த டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையமோ வேறு வழியை மேற்கொண்டது. அதனை 1945-ஆம் ஆண்டில் நிறுவி நடத்தி வந்தவர் அணுவியல் அறிஞர் ஹோமி ஜஹாங்கீர் பாபா. அணுவியல் ஆராய்ச்சிக்கு நீண்ட கணக்குகள் இன்றியமையாதன. அவற்றை விரைந்து போடுதற்குக் கணிப்பொறி வேண்டும். அதனை வாங்குதல் எளிது. வாங்கியபின் பழுது நேர்ந்தால், பிறநாட்டார் உதவியை எதிர்நோக்கியிருத்தல் வேண்டும். நாமே ஆக்கினால் காலமும் உழைப்பும் மிகும். ஆயினும் அக்கலையே நம் கைவசமாகும். பாபா ஆக்கும் வழியையே விரும்பினார். 1954-ஆம் ஆண்டில் தாயகம் திரும்பி அந்நிலையத்தில் சேர்ந்த நரசிம்மனிடம் அப்பொறுப்பு வந்தது. அவர்க்கு அப்பொழுது அகவை இருபத்தெட்டு.

அவர்க்குத் துணையாக அமைந்தோர் இளைஞர் சிலரே. அவருட் பெரும்பாலோர் இயற்பியலில் முதுநிலைப் பட்டம் பெற்றுக் கல்லூரியினின்றும் அண்மையில் வெளிவந்தவர்கள். அக்குழுவினருள் எவரும் அதற்குமுன் கணிப்பொறி எதனையும் அமைத்தவர் அல்லர். அதனைப் பயன்படுத்திய பழக்கமும் அவர்கட்கு இல்லை. பிறநாட்டு அறிஞர் வெளியிட்ட கட்டுரைகளும் அறிக்கைகளுமே அவர்களுக்குக் கிடைத்த வழிகாட்டிகள். நீந்துவது எவ்வாறு என்று நூலிற் படித்தவர் ஆழ்ந்த ஆற்றில் இறங்கியது போன்றது அவர்தம் முயற்சி. ஆயினும் அவர்கள் அஞ்சவில்லை. ஒரே தாவலில் பெரும்பொறியை ஆக்க முற்படாது, முதலில் சிறியதொரு மாதிரிப் பொறியை அமைத்துப் பார்க்கத் துணிந்தனர்.

அவர்கள் மேற்கொண்ட தொழிலின் அருமையை உணர்தற்குக் கணிப்பொறியின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். கணிப்பொறியின் பகுதிகளை இருவகையாகப் பிரிப்பர். கண்ணாற் காணவும் கையாற் தொடவும் ஆகும் உறுப்புகளின் தொகுதி வன்பொருள் எனப்படும். அவ்வுறுப்புகள் இன்னின்ன முறையில் தொழிற்படுக என ஏவும் கட்டளைகளின் தொகுதி மென்பொருள் எனப்படும். யாழும் இசையும் போன்றன இவ்விரண்டும். யாழை ஆக்கும் தச்சனைப் போன்றவரே வன்பொருட் பொறியாளர்.

நாம் எண்களை எழுதுதற்குப் பத்துக் குறிகளைப் பயன்படுத்துகின்றோம். கணிப்பொறிக்கோ சுழி, ஒன்று என்னும் இரண்டு குறிகளே போதும். ஐந்து என்பதை அது 101 எனக் குறிக்கும். ஆறு என்பதை 110 எனக் குறிக்கும். மின்விளக்கு ஒன்று எரியும், அன்றேல் அணைந்திருக்கும், இடைப்பட்ட நிலை அதற்கு இல்லை. அவ்வாறே மின்னோட்டம் உண்டு என்பது ஒன்றையும், இல்லை என்பது சுழியையும் குறிக்குமாறு செய்தால், மின்கருவியைக் கொண்டே எண்களைக் குறிக்கலாம், கூட்டலாம், ஒப்பிடலாம். அந்நாளில் மின்னோட்டத்தை நொடிப்பொழுதினும் விரைவாகத் திறக்கவும் மூடவும் வல்ல கதவாகப் பயன்பட்டது வால்வு. பழைய வானொலிப் பெட்டிகளில் செந்நிறமாய் ஒளிர்ந்த கண்ணாடிக் குழலே அது. தொலைத்தொடர்பு கற்ற நரசிம்மனுக்கு அதன் இயல்பு கைவந்ததாக இருந்தது.

கணக்கின் இடையே தோன்றும் எண்களை நினைவில் வைத்துக் கொள்ளுதற்கும் ஓர் உறுப்பு வேண்டும். இதற்கு நரசிம்மன் குழுவினர் தேர்ந்துகொண்டது காந்த வளைய நினைவகம். அமெரிக்காவிலேயே 1953-ஆம் ஆண்டு அளவில்தான் அது நடைமுறைக்கு வந்திருந்தது. ஃபெரைட்டு என்னும் பொருளால் ஆகிய, மிளகினும் சிறிய வளையங்களின் ஊடே மெல்லிய கம்பிகளைக் கோத்து அதனை அமைப்பர். வளையத்தின் காந்தம் வலமாகச் சுழன்றால் ஒன்று. இடமாகச் சுழன்றால் சுழி. நெடுக்கே ஓடும் கம்பி ஒன்று, குறுக்கே ஓடும் கம்பி ஒன்று ஆகிய இரண்டிலும் அரையளவு மின்னோட்டத்தைச் செலுத்தினால், அவை இரண்டும் கூடும் இடத்திலுள்ள வளையம் மட்டுமே திசை மாறும். தெருவின் பெயரும் வீட்டு எண்ணும் கொண்டு ஓர் இல்லத்தை இனங்காண்பது போன்றது இது. மின்சாரம் நின்றபோதும் வளையம் தன் நிலையை மறப்பதில்லை என்பது இதன் தனிச்சிறப்பு.

மாதிரிப் பொறி 1956-ஆம் ஆண்டின் இறுதியில் இயங்கலாயிற்று. பன்னிரண்டு குறி கொண்ட சொற்கள் 256 அதன் நினைவில் அடங்கின. அளவிற் சிறியதாயினும் அது பெரியதோர் உறுதியை அளித்தது. படித்தறிந்த கொள்கைகள் கைப்பணியிலும் பொய்க்கவில்லை என்பதை அக்குழுவினர் கண்கூடாகக் கண்டனர். உடனே முழுப் பொறிக்கான வேலை தொடங்கிற்று. நாற்பது குறி கொண்ட சொற்களாக எண்களைக் கையாளுமாறு அதனை வகுத்தனர். அதன் நினைவகத்தில் முதலில் 1,024 சொற்கள் அடங்கின. பின்னர் அது 2,048 சொற்களாக விரிவாக்கப்பட்டது. 1,024 சொற்களுக்கே 40,960 வளையங்கள் வேண்டும் என்பதை எண்ணினால், அத்தொழிலின் நுண்மை புலனாகும்.

முழுப் பொறியில் வால்வுகள் ஏறத்தாழ 2,700, ஜெர்மேனியம் டையோடுகள் 1,700, மின்தடைகள் 12,500. இவை யாவும் பதினெட்டு அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் எட்டு அடி உயரமும் உள்ள எஃகுச் சட்டத்தில் அடைந்து நின்றன. வால்வு எரியும்போது வெப்பம் உண்டாகும். வெப்பம் மிக்கால் அதன் ஆயுள் குறையும். பல்லாயிரம் உறுப்புகளுள் ஒன்று தவறினும் விடை பிழைபடும். பொறியோ தன் பிழையைத் தானே வாய்விட்டு உரைப்பதில்லை. விடை தவறு எனக் கண்டபோது, கணக்கு வகுத்தவர் தவறினாரோ, வால்வு தவறிற்றோ, கம்பியின் பற்று விட்டதோ என ஒவ்வொன்றாக ஆராய்ந்து குற்றமுள்ள இடத்தை அடைதல் வேண்டும். நோயின் காரணத்தை நாடும் மருத்துவன் போலச் சினமும் சோர்வும் இன்றி நாடுதலே வன்பொருட் பொறியாளர்க்கு உரிய தலையாய பண்பு. முழுப் பொறி 1959-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உருப்பெற்றது. சோதனைகள் முடிந்து, 1960-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் பணிக்கு விடப்பட்டது.

துளையிட்ட தாள்நாடா வழியாகக் கட்டளைகள் அப்பொறிக்குள் சென்றன. தட்டச்சுத் தந்திப் பொறியில் விடைகள் அச்சாகி வந்தன. விடையைப் படமாகவும் எழுத்தாகவும் காட்டும் கதிர்க்குழல் திரை ஒன்றும் அதனோடு இணைக்கப்பட்டது. டாடா நிலையத்தார் மட்டுமன்றிப் பிற ஆராய்ச்சியாளரும் தம் கணக்குகளை அங்குக் கொணர்ந்து விடை பெற்றனர். 1962-ஆம் ஆண்டில் அந்நிலையத்தின் புதிய கட்டடம் திறக்கப்பட்டபோது, தலைமை அமைச்சர் ஜவகர்லால் நேரு அப்பொறிக்கு டிஃப்ராக் எனப் பெயர் சூட்டினார். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் தானியங்கு கணிப்பி என்பதன் சுருக்கமே அப்பெயர்.

வெற்றி கிட்டியது, எனினும் அவ்வெற்றியோடு ஒரு குறையும் உடன் வந்தது. டிஃப்ராக் உருவாகிக் கொண்டிருந்த ஆண்டுகளில் உலகம் வாளா இருக்கவில்லை. 1947-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கண்டறியப்பட்ட டிரான்சிஸ்டர், வால்வின் இடத்தைப் பற்றத் தொடங்கியது. அது சிறியது, வெப்பம் மிகாதது, நெடுநாள் உழைப்பது. மேலும், டிஃப்ராக்கிற்குக் கட்டளைகளைச் சுழியும் ஒன்றுமாகவே எழுதித் தரவேண்டியிருந்தது. பிறநாடுகளிலோ 1957-ஆம் ஆண்டில் ஃபோர்ட்ரான் என்னும் கணிமொழி தோன்றி, கணக்கு வகுப்பாரின் சுமையைக் குறைத்துவிட்டது. எனவே டிஃப்ராக் பணிக்கு வந்த நாளிலேயே பழமை எய்தத் தொடங்கிவிட்டது. 1964-ஆம் ஆண்டில் சி.டி.சி. 3600 என்னும் அமெரிக்கக் கணிப்பொறி அதே நிலையத்திற்கு வந்தது. அதன்பின் டிஃப்ராக் ஓய்வு பெற்றது.

ஆறாண்டு உழைப்பு சில ஆண்டுகளே பயன் தந்ததே, இதனால் விளைந்த நன்மை யாது எனச் சிலர் வினவலாம். பொறி பழமையாகும், பொறியை ஆக்கியவர் பெற்ற அறிவு பழமையாவதில்லை. விலைக்கு வாங்கிய பொறியின் கதவைத் திறக்கவும் அஞ்சும் நிலை டிஃப்ராக்கை ஆக்கியோர்க்கு இல்லை. ஒவ்வோர் உறுப்பும் ஏன் அவ்விடத்தில் உள்ளது என்பதை அவர்கள் அறிவார்கள். சி.டி.சி. பொறி வந்தபோது, அதனை ஏற்று நடத்தத்தக்க அறிஞர் குழு ஒன்று அந்நிலையத்தில் முன்னரே ஆயத்தமாக இருந்தது. கணிப்பொறி என்பது கடல் கடந்தோர்க்கே உரிய மாயவித்தை என்னும் மருட்சியும் அதனால் அகன்றது.

1960-களின் தொடக்கத்தில் நரசிம்மன் அமெரிக்காவின் இல்லினாய்சுப் பல்கலைக்கழகத்தில் வருகை அறிஞராகப் பணியாற்றினார். அணுத்துகள்கள் செல்லும் தடங்களைக் காட்டும் நிழற்படங்களைக் கணிப்பொறி தானே நோக்கிப் பகுத்தறியுமாறு செய்வது அங்கு அவர் ஆராய்ந்த பொருள். சொற்கள் இலக்கண விதிப்படி கூடிச் சொற்றொடர் ஆவதுபோல, கோடும் முனையும் வளைவும் விதிப்படி கூடிப் படம் ஆகின்றன என்று அவர் கொண்டார். படத்திற்கும் இலக்கணம் உண்டு என்னும் இக்கருத்து, அத்துறையில் முன்னோடிக் கருத்தாக மதிக்கப்பெறுகின்றது. பொறியின் உடலை அமைத்தவர், அதன் அறிவையும் ஆராயத் தலைப்பட்டார்.

தாயகம் மீண்டபின், அவர் தம் உழைப்பை நிறுவனங்களை வளர்ப்பதிலும் செலுத்தினார். 1965-ஆம் ஆண்டில் தோன்றிய இந்தியக் கணிப்பொறிக் கழகத்தின் முதல் தலைவராக விளங்கினார். அக்காலத்தில் இந்நாட்டில் இயங்கிய கணிப்பொறிகளுட் பல அயல்நாட்டு நிறுவனங்களின் உடைமைகள். அவற்றைப் பேணும் கலையும் அந்நிறுவனங்களின் கையிலேயே இருந்தது. இந்நிலையை மாற்றுதற்கு நடுவண் அரசு 1975-ஆம் ஆண்டில் கணிப்பொறிப் பராமரிப்புக் கழகத்தை ஏற்படுத்தியது. அக்கழகம் அமைவதற்கு நரசிம்மனின் முயற்சி பெருந்துணையாயிற்று. 1978-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவைவிட்டு நீங்கியபோது, அது விட்டுச் சென்ற பொறிகளைப் பேணும் பொறுப்பை அக்கழகமே ஏற்றது. நாட்டின் கணிப்பொறிகள் நின்றுபோகாமல் காத்தவர்கள், உள்ளுறுப்பு அறிந்த நம் நாட்டுப் பொறியாளர்களே.

1977-ஆம் ஆண்டில் இந்திய அரசு நரசிம்மனுக்குப் பத்மஸ்ரீ விருது அளித்துச் சிறப்பித்தது. விருது பெற்ற பின்னரும் அவர் கற்பதை நிறுத்தினார் அல்லர். குழந்தை மொழியைக் கற்பது எங்ஙனம், மனிதன் மொழியால் இயங்குவது எங்ஙனம் என்னும் வினாக்கள் அவரது பிற்கால ஆராய்ச்சியில் இடம்பெற்றன. அவற்றைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் நூல்களும் இயற்றினார். எண்பத்தோர் ஆண்டுகள் வாழ்ந்து, 2007-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் இயற்கை எய்தினார்.

இன்று ஒருவர் கைப்பையில் வைத்துச் செல்லும் கணிப்பொறியின் நடுவே, விரல்நகம் அளவான சிலிக்கான் சில்லில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் அமைந்துள்ளன. டிஃப்ராக்கின் பதினெட்டு அடிச் சட்டத்தோடு அதனை ஒப்பிட்டால் வியப்பே மிகும். ஆயினும் அடிப்படை ஒன்றே. சுழியும் ஒன்றும், திறக்கும் கதவும் மூடும் கதவும், நினைவகமும் கணக்கிடும் உறுப்பும் அன்றுபோலவே இன்றும் உள்ளன. ஆகவே அத்தொழிலை மேற்கொள்ள விரும்பும் மாணவர்க்கு வேண்டும் தகுதிகளும் பெரிதும் மாறிவிடவில்லை. கணிதத்தில் தெளிவு, மின்னியலில் பயிற்சி, பழுதைத் தேடிக் காணும் பொறுமை, படித்ததைக் கையாற் செய்து பார்க்கும் ஆர்வம் என்பன அவை. இவற்றை ஈட்டுதற்குப் பெருநகரில் பிறந்திருத்தல் வேண்டும் என்பதில்லை. பள்ளியின் அறிவியற்கூடத்தில் ஒரு மின்கலத்தையும் ஒரு விளக்கையும் ஒரு கம்பியையும் கொண்டு, விளக்கு ஏன் எரிகின்றது, ஏன் அணைகின்றது எனத் தானே ஆராய்ந்து காணும் மாணவன், அவன் வடுகபட்டியில் பயின்றாலும் சென்னையில் பயின்றாலும், அவ்வழியில் முதல் அடியை எடுத்து வைத்தவனே ஆவான்.

பிறர் ஆக்கிய கருவியை நன்கு பயன்படுத்துதல் திறமை. அதன் உள்ளியல்பை அறிதல் அறிவு. அதனைத் தாமே ஆக்கிப் பிறர்க்கும் கற்பித்தல் பெருமை. முன்பு கண்டறியாத ஒரு பொறியை, முன்பு பழகியிராத இளைஞரைக் கொண்டு, தம் நாட்டிலேயே அமைத்துக் காட்டிய நரசிம்மனின் வாழ்வு, இம்மூன்றினையும் அடைந்த வாழ்வாகும். இளைஞர் அவ்வழியைப் பின்பற்றி நாட்டிற்கும் தமக்கும் நலம் தேடுவாராக.